தன் பெயரைச் சொல்ல இசையாத ஒரு பெண்

அன்பு மகள் அமுதாவுக்கு,

நவம்பரில் இத்தாலிக்குப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து, உனக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் உன் அப்பா அறைக்குள் வந்ததும் நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். ஆகவே, உன் அப்பாவைப் பெற்றவளைத் தேடி நாலு ஆண்டுகளாக நாம் இருவரும் சேர்த்து வைத்தவற்றில் எது உறுதி, எது ஊகம், இனி எந்த வழியில் போவது முறை என்பதையெல்லாம் எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி.

அப்பாவின் பிறப்புப் பதிவை நீ பார்த்திருக்கிறாய். அவரை மூன்று வயதில் இத்தாலியிலிருந்து இங்கே அமெரிக்காவுக்கு வரவழைத்து வளர்த்த தாத்தா, பயணத் தாள்களோடு சேர்த்து அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1957 மார்ச்சில், காம்போபாசோ நகரில், மருத்துவச்சி ஒருத்தி பதிவாளர் முன் வந்து, ‘தொன்னா கே நொன் கொன்சென்டே தி எஸ்ஸெரே நொமினாத்தா’, அதாவது தன் பெயரைச் சொல்ல இசையாத ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்ததாக அறிவித்திருக்கிறாள். அதற்குக் கீழே பதிவாளர் தாமே ஒரு பெயரையும் குடும்பப் பெயரையும் இட்டிருக்கிறார். அந்தக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஒரு முழு ஆண்டை வீணாக்கினேன். பழங்காலத்தில் நேப்பிள்ஸின் அனுன்சியாட்டா அநாதை இல்லத்துச் சுழல்தொட்டிலில் (வெளியிலிருந்து பிள்ளையை வைத்து உள்ளே திருப்பிவிடும் தொட்டில்) விடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போஸிட்டோ, அதாவது வெளியே விடப்பட்டவர், என்று பெயரிட்டார்கள். அந்தத் தொட்டில் 1875இல் மூடப்பட்ட பிறகும் அப்பெயர் பரம்பரைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு அடையாளம் பிள்ளையின் மேல் விழக் கூடாது என்பதால், பிற்காலத்துப் பதிவாளர்கள் யாருக்கும் ஐயம் வராத சாதாரணப் பெயர்களையே இட்டார்கள். ஆகவே அந்தப் பெயருக்கும் பெற்றவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்பாவைப் போன்றவர்களின் தாள்களில் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘என்.என்.’, அதாவது பெயர் தெரியாதவர், என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும் வழக்கம் இருந்தது. அன்றாடத் தாள்களில் பெற்றோர் பெயரையே குறிக்க வேண்டாம் என்று 1955இல் சட்டம் வந்த பிறகுதான் அந்த அவமானம் ஓரளவு நீங்கியது.

நீ வற்புறுத்தித்தான் அப்பா 2020இல் டிஎன்ஏ சோதனைக்கு உமிழ்நீர் கொடுத்தார். அதற்கு நான் உனக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. அவருடைய மரபணுவில் பாதிதான் உன்னிடம் இருக்கிறது. அவரோடு 240 சென்டிமோர்கன் (பொதுவாக இருக்கும் மரபணுவை அளக்கும் அலகு) பொருந்துகிறவர் உன்னோடு சுமார் 120தான் பொருந்துவார். ஒரு தலைமுறை தள்ளிப்போனால் தூரத்து உறவுகள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுகின்றன. இத்தாலியிலேயே வாழ்பவர்கள் இந்தச் சோதனையை அதிகம் செய்துகொள்வதில்லை. ஆகையால் நமக்குக் கிடைத்த பொருத்தங்கள் எல்லாம், 1880களிலிருந்து கப்பலேறி இரண்டு அமெரிக்கக் கண்டங்களுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளே. கொலராடோவின் பியூப்லோ நகரத்துப் பெரியவர் 248, புவெனஸ் அயர்ஸ் அம்மையார் 212. இருவரின் தாத்தா பாட்டிகளில் ஒருவருக்கொருவர் உடன்பிறந்தவர்கள் இருந்தால் சராசரியாக 230 அளவில் பொருத்தம் வரும் என்பது உனக்குத் தெரியும். ஆனால் மலைக்கிராமங்களில் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் என் பாட்டி வீட்டில் யார் யாருக்கு எத்தனை வழியில் உறவு என்று சொல்லி முடிக்க ஒரு மதியம் ஆகும். அதே நிலைதான் அங்கேயும். இரண்டு வழியிலும் உறவென்றால் எண் கூடித் தெரியும், உறவோ அதைவிடத் தள்ளியிருக்கும். அதனால்தான் எண்ணை மட்டும் நம்பாமல் பதிவேடுகளுக்குப் போகலாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

அந்த இருவரின் முன்னோரும் அன்யோனேயைச் சுற்றியுள்ள மலையூர் ஒன்றிலிருந்து போனவர்கள் என்று தெரிந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அந்த ஊர்கள் இப்போது இருக்கும் இசேர்னியா 1970இல்தான் தனி மாகாணம் ஆயிற்று. அதற்கு முன் அந்த ஊர்கள் காம்போபாசோவைச் சேர்ந்தவை. பிள்ளையைப் பெற அந்தப் பெண் ஏன் மாகாணத் தலைநகருக்கு வந்தாள் என்பதும் எனக்கு அப்போது புரிந்தது. பழைய நேப்பிள்ஸ் அரசின் நிலப்பகுதியில் 1809 முதலே குடிமைப் பதிவேடுகள் இருக்கின்றன. முன்னோர் என்று பொருள்படும் ‘அன்டெனாட்டி’ என்ற பெயரில், அரசு ஆவணக் காப்பகங்கள் அவற்றின் படங்களைக் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கின்றன. அந்தக் கையெழுத்து முதலில் எறும்பு ஊர்ந்ததுபோலத்தான் தெரிந்தது. மூன்று மாதத்தில் கண் பழகிவிட்டது.

எனக்குப் பெரிதும் கைகொடுத்தவை இரண்டு. அந்நாட்டுப் பதிவேடுகளில் பெண் எத்தனை முறை மணந்தாலும், இறக்கும் நாள்வரை பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுகிறாள். கணவன் பெயருக்குள் அவள் தொலைந்துபோவதில்லை. இன்னொன்று பெயரிடும் முறை. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவரின் பெயர், பெண்பிள்ளைகளுக்கும் அவ்வாறே பாட்டிகளின் பெயர். பேரனைப் ‘பெயரன்’ என்று சொல்லும் மொழியில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களை வரிசைப்படுத்திவிட்டு, இன்னும் தேடாத தாத்தாவின் பெயரை முன்கூட்டியே சொல்ல என்னால் முடிந்தது. திருமணப் பதிவோடு சேர்த்து வைத்த இணைப்புத் தாள்களில் மணமக்களின் பிறப்புச் சான்றும், இறந்துபோன பெற்றோரின் இறப்புச் சான்றும், சில சமயம் பாட்டனாருடையதும் இருந்தன. ஒரு கல்யாணத்தைக் கண்டுபிடித்தால் மூன்று தலைமுறை கையில் வந்துவிடும்.

அப்படித்தான் 1926ஆம் ஆண்டுத் திருமணத்துக்கு வந்து சேர்ந்தோம். மணமகன் பியூப்லோ பெரியவரின் குடும்பம். மணமகள் புவெனஸ் அயர்ஸ் அம்மையாரின் குடும்பம். இந்த இரண்டு கொடிகளும் வேறெங்கும் ஒன்றுசேரவில்லை. அவர்களுக்கு மூன்று மகன்கள், மூன்று மகள்கள். அப்பாவைப் பெற்றது அந்த வீட்டு மகனா, மகளா என்ற கேள்விக்கு எக்ஸ் குரோமோசோம் விடை சொன்னது. ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பாவின் எக்ஸில் ஒரு நீண்ட துண்டு புவெனஸ் அயர்ஸ் அம்மையாரோடு பொருந்துகிறது. ஆகவே பெற்றவள் அந்த மூன்று மகள்களில் ஒருத்தி.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், அமுதா. தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா அப்பாவோடு நின்றுவிட்டது. உன்னிடம் இருப்பது என்னுடையது, என் அம்மாவுடையது. ஆனால் அவர் தம் தாயிடமிருந்து பெற்ற எக்ஸ் உனக்கு உடையாமல் அப்படியே வந்திருக்கிறது. மகளுக்குக் கொடுக்க அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். கலந்து பிரிவதற்கு இன்னொன்று இல்லை. அந்தப் பெண் பெயரைக் கொடுக்காவிட்டாலும் கொடுத்தனுப்பியதை நீ முழுதாக வைத்திருக்கிறாய். இதைப் படித்தறிந்த இரவு நான் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

இனி நாம் கருத்து வேறுபடும் இடத்துக்கு வருகிறேன். மூவரில் மூத்தவர் 2004இலும் நடுவில் பிறந்தவர் 2011இலும் இறந்துவிட்டார்கள். 1933இல் பிறந்த இளையவர் 91 வயதில் அதே ஊரில் இருக்கிறார். 1957இல் மணமாகாமல் இருந்தவர் அவர் ஒருவரே என்பதால் அவர்தான் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். எனக்கு அது உறுதியாகப் படவில்லை. 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத் திருத்தத்துக்கு முன், மணமான ஒருவர் மணவாழ்வுக்கு வெளியே பிறந்த குழந்தையைத் தன் பிள்ளையென்று பதியப் பொதுவாகச் சட்டமே இடம் தரவில்லை. அக்காமார் இருவரும் அப்போது மணமானவர்கள். கணவன் ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டுச் சுரங்கத்தில் வேலை செய்த வீடுகள் அந்த மலையில் ஏராளம். மூவரில் யாரையும் நம்மால் விலக்க முடியாது.

அக்காள் பிள்ளைகளில் ஒருவரைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லலாம் என்கிறாய். 1,750 அளவில் வந்தால் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை, 870 அளவில் வந்தால் பெரியம்மா அல்லது சித்தி பிள்ளை, கணக்குச் சரிதான். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் அவரிடம் கேட்பது வஞ்சகம்; சொல்லிவிட்டுக் கேட்டால் அன்று மாலைக்குள் ஊர் முழுதும் தெரிந்துவிடும். 67 ஆண்டுகளாக ஒருத்தி கட்டிக்காத்த சொல்லை அவளைக் கேட்காமல் நாம் ஏன் அவிழ்க்க வேண்டும்? பெற்றவள் இந்த இளையவர் இல்லையென்றால், தன் உடன்பிறந்தவளின் இரகசியத்தை 91 வயதில் இந்த அம்மாள் அந்நியர் வாயால் அறிய வேண்டுமா?

வேறு வழி இருக்கிறது. நூறு ஆண்டு கழியும்வரை தாயின் பெயர் மூடியே இருக்கும் என்பதுதான் இத்தாலியச் சட்டம். 2012இல் கொடெல்லி என்ற பெண்மணியின் வழக்கில், அந்தக் கதவு ஒரு சிறு இடைவெளியும் இல்லாமல் அடைபட்டிருப்பது தவறு என்று ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே இத்தாலிய அரசியல் சட்ட நீதிமன்றமும் அவ்வாறே கூறியது. சிறார் நீதிமன்றத்து நீதிபதி தாயைத் தேடி, யாருக்கும் தெரியாமல், இப்போதும் அதே முடிவில் இருக்கிறீர்களா என்று கேட்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017இல் உறுதி செய்தது. தாய் இறந்திருந்தால் பெயரைத் தரலாம் என்பதும் தீர்ப்பாகியிருக்கிறது. நீதிபதி முத்திரையிட்ட தாளைத் திறப்பார். அவருக்கு ஊகம் தேவையில்லை. தவறான கதவு தட்டப்படாது. அவள் உயிரோடிருந்து மறுத்தால் நமக்குப் பெயர் கிடைக்காது. அதை ஏற்றுக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன். நீயும் தயாராக வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த மனுவைக் கொடுக்க உரியவர் உன் அப்பா. அதனால் நேற்றிரவு எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்கு வருந்துகிறேன். மூன்று பெயர்களை எழுதிய தாளை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு, “அந்த மலையில் டிசம்பரில் பனி கொட்டுமே, இந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது, மருமகள் உடனிருக்கிறாள் என்றேன். தலையசைத்துவிட்டு, மனுவை அவரே எழுதுவதாகச் சொன்னார்.

வரும் செவ்வாய்க்கிழமை வழக்குரைஞரோடு பேசுகிறோம். அப்பாவின் பிறப்புப் பதிவை நீ வருடி வைத்த தெளிவான படம் உன்னிடம்தான் இருக்கிறது. திங்களுக்குள் அனுப்பி வை. விமானச்சீட்டை நியூ ஜெர்சிக்கு மாற்ற முடியுமானால் மாற்று. அவர் எழுதும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா