லாக்ரோஸ் நடுவர்களையும் பரிந்துரையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் புதிய விளையாட்டுகளைப் பற்றிய கட்டுரையில், வலை கட்டிய மட்டையால் பந்தை எறிந்து பிடித்து ஆடும் லாக்ரோஸுக்கும் இடம் தந்திருந்தீர்கள். மும்பையில் 2023 அக்டோபரில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு இதற்கு ஒப்புதல் தந்ததையும், 1908 லண்டனுக்குப் பிறகு பதக்க ஆட்டமாக லாக்ரோஸ் இப்போதுதான் திரும்புகிறது என்பதையும் சரியாகவே குறித்திருந்தீர்கள். ஆனால் அந்த 120 ஆண்டுகளும் இதை வட்டாரம் வட்டாரமாகக் கொண்டுபோன பயிற்சியாளர்களும் நடுவர்களும் கட்டுரையில் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் உங்கள் வாசகர்களின் பிள்ளைகள் சிலராவது இன்று லாக்ரோஸ் ஆடுகிறார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களையும் விசில் ஊதியவர்களையும், சாதனையாளர்களின் பெயரைப் பதிக்கும் புகழ்க்கூடத்துக்கோ உள்ளூர் விருதுக்கோ பரிந்துரைத்துக் கௌரவிக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு உதவுமென்று இதை எழுதுகிறேன்.

லாக்ரோஸ் ஒரு ஊருக்குத் தானாக வந்து சேராது. ஆண்கள் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தலைக்கவசம், தோள்கவசம், முழங்கைக் கவசம், கையுறை, மட்டை வேண்டும். 110 கஜ நீளமும் 60 கஜ அகலமும் கொண்ட மைதானம் வேண்டும்; 6 அடிக்கு 6 அடி கோல் சட்டங்கள் இரண்டு வேண்டும். பேஸ்பாலும் தடகளமும் நடக்கும் அதே வசந்த காலத்தில் பள்ளி நிர்வாகத்திடம் அந்த மைதானத்தைக் கேட்டு வாங்க ஒருவர் வேண்டும். எந்த வட்டாரத்தைப் பார்த்தாலும், முதல் பத்து ஆண்டுகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

ரோஸபெல் சின்க்ளேரை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் 1890ல் பெண்கள் லாக்ரோஸ் ஆடத் தொடங்கினார்கள். அந்தப் பள்ளியில் படித்த சின்க்ளேர், 1926ல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளியில் பெண்கள் அணியை உருவாக்கினார். அமெரிக்காவில் இன்று பெண்கள் ஆடும் ஆட்டத்தின் வேர் அந்த மைதானத்தில் இருக்கிறது. தேசிய லாக்ரோஸ் புகழ்க்கூடம் 1957ல் தொடங்கியது. அதில் இடம்பெற்ற முதல் பெண் சின்க்ளேர்தான், ஆண்டு 1992. புகழ்க்கூடம் தொடங்கி 35 ஆண்டுகள், அவர் அணி தொடங்கி 66 ஆண்டுகள் கழித்து! அதே பால்டிமோரில், கறுப்பின மாணவர்களுக்கான மோர்கன் ஸ்டேட் கல்லூரியில் 1970ல் சிப் சில்வர்மன் ஒரு அணியைத் திரட்டினார். 1975ல் அந்த அணி, அன்று நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருந்த வாஷிங்டன் அண்ட் லீயை அதன் சொந்த மைதானத்திலேயே தோற்கடித்தது. இத்தகைய பணியை வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் வைத்து அளக்க முடியாது. லாங் ஐலண்டின் வார்டு மெல்வில் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த ஜோ குவாஸ்ஸோவின் 700க்கும் மேற்பட்ட வெற்றிகளை நாளிதழ்களே எண்ணிவைத்திருக்கின்றன. அவர் அந்தப் பெருமைக்கு முழுத் தகுதி உள்ளவர். ஆனால் ஒரு மாவட்டத்தில் முதல் மூன்று பள்ளி அணிகளைத் தொடங்கிவைத்து, பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த பயிற்சியாளரின் கணக்கு எந்த நாளிதழிலும் கிடைக்காது.

நடுவர்களின் நிலை இதைவிட மோசம். தேசியப் புகழ்க்கூடத்தில் வீரர், பயிற்சியாளர், நடுவர், பங்களிப்பாளர் என்று பிரிவுகள் உண்டு. நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள கனடிய லாக்ரோஸ் புகழ்க்கூடத்திலும் ஆட்டத்தைக் கட்டியெழுப்பியவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. நடுவரைப் பரிந்துரைக்கத்தான் ஆளில்லை. வீரருக்குக் கல்லூரி இருக்கிறது, பயிற்சியாளருக்குப் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள். நடுவருக்கு அணியே கிடையாது.

அவர் செய்வது என்ன என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு அணி தன் தற்காப்புப் பாதியில் ஏழு பேருக்கு மேலும் தாக்குதல் பாதியில் ஆறு பேருக்கு மேலும் வைத்திருக்கக் கூடாது. ஒரு நடுவர் கோல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் நடுக்கோட்டில் தலை எண்ண வேண்டும். ஒருவரே இருந்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் கோட்டைவிடப்படும். அதனால்தான் ஒரு வட்டாரத்தில் நடுவர் எண்ணிக்கை குறைந்தால், அடுத்து ஆட்டங்களின் எண்ணிக்கையும் குறைகிறது. மட்டைச் சோதனையும் அவர் வேலைதான்: குட்டை மட்டை 40 முதல் 42 அங்குலம், நீள மட்டை 52 முதல் 72 அங்குலம். மட்டையைக் கிடையாகப் பிடித்து வலையில் பந்தை வைத்தால், பந்தின் மேல்முனை பக்கச்சுவரின் கீழ்விளிம்புக்கும் கீழே போகக்கூடாது. போனால் அந்த மட்டையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பது கடினம், ஆட்டம் நியாயமாக இருக்காது.

உயிர் காக்கும் வேலையும் உண்டு. ஏறக்குறைய 145 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் பந்து, இதயத்துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் மார்பில் பட்டால் இதயம் நின்றுபோகலாம். இதைத் தடுக்கத்தான் என்.டி. 200 என்ற பாதுகாப்புத் தரமுள்ள மார்புக் கவசம், பள்ளி ஆண்கள் ஆட்டத்தில் கோல் காப்பாளர்களுக்கு 2021லும் மற்றவர்களுக்கு 2022லும் கட்டாயமானது. எல்லாரும் விதிப்படியான கவசம் அணிந்திருக்கிறார்கள் என்று தலைமைப் பயிற்சியாளரிடம் ஆட்டத்துக்கு முன் உறுதி வாங்குபவர் நடுவர். இதைச் சடங்காக நினைக்காமல், இதயத்தை மீட்கும் மின்னதிர்ச்சிக் கருவி மைதானத்தில் எங்கே இருக்கிறது என்றும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் கேட்கும் நடுவரைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

புதியவர்களைப் பழக்குவதும் மூத்த நடுவர்தான். தற்காப்பு அணி தவறு செய்யும்போது கொடியை வீச வேண்டும், ஆனால் தாக்கும் அணியிடம் பந்து இருந்தால் உடனே விசில் ஊதக்கூடாது. புதிய நடுவர் பதற்றத்தில் ஊதிவிடுவார். அடுத்த நொடி விழும் கோல் செல்லாமல் போகும். பெற்றோர் கூச்சல் போடுவார்கள். அவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். அமெரிக்கப் பள்ளி விளையாட்டுகள் அனைத்திலுமாக 2018-19க்குப் பிறகு சில ஆண்டுகளில் ஏறக்குறைய 50,000 நடுவர்கள் விலகியதாக மாநிலப் பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு சொல்லியிருக்கிறது. அந்த முதல் ஆண்டில் புதியவரின் பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான் பல வட்டாரங்களில் இன்று ஆட்டம் நடக்கிறது.

இனி பரிந்துரைக் கோப்பைப் பற்றி. "தன்னலமற்றவர், எல்லாராலும் நேசிக்கப்பட்டவர்" என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினால் தேர்வுக் குழுவுக்கு ஒரு பயனும் இல்லை. வருகிற கோப்புகள் எல்லாமே அப்படித்தான் சொல்லும். குழுவுக்கு வேண்டியது மூன்று விவரம்: அவர் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது, அவர் என்ன செய்தார், அவர் விலகிய பிறகும் அதில் எது நிலைத்தது. இதை இரண்டு பக்கத்துக்குள் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாளை ஆதாரமாக இணையுங்கள். அணி தொடங்கிய ஆண்டுக்குப் பள்ளி ஆண்டு மலரோ, பூங்காத் துறையின் மைதான அனுமதிச் சீட்டோ, நூலகத்தில் மைக்ரோஃபிலிமாக உள்ள உள்ளூர் நாளிதழோ போதும். நடுவராக இருந்தால், ஆட்டங்களுக்கு நடுவர்களை ஒதுக்கும் பொறுப்பாளரிடம் பழைய அட்டவணைகள் இருக்கும். தரச் சான்றிதழ்களும், அவர் நடத்திய வகுப்புகளின் வருகைப் பட்டியலும் அதைவிட வலுவான ஆதாரங்கள்.

எண்ணிக்கையில் மிகைப்படுத்தாதீர்கள். பள்ளிப் பருவம் பத்துப் பன்னிரண்டு வாரம்தான். வாரத்துக்கு நான்கு ஆட்டம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 40 முதல் 48. இருபது ஆண்டுகளில் 1000ஐத் தொடாது. "3000 பள்ளி ஆட்டங்கள்" என்று எழுதினால், குழுவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம் என்பதால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள். சிறுவர் ஆட்டங்களையும் கோடைப் போட்டிகளையும் தனித்தனியே எழுதிக் காட்டுங்கள்.

கடிதங்கள் மூன்று போதும், ஆனால் ஒரே பள்ளியிலிருந்து வாங்காதீர்கள். எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர், அவரிடம் பழகிய நடுவர் ஒருவர், முன்னாள் வீரர் ஒருவர் என்று பிரித்துக் கேளுங்கள். பெண்களைப் பரிந்துரைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டவர்களின் பணி இரண்டு பெயர்களில் சிதறிக் கிடக்கும். இரண்டு பெயரிலும் தேடாததால் பாதிப் பணி காணாமல்போன கோப்புகள் பல. உள்ளூர் விருதுக்கு நீங்களே அமைக்கும் தேர்வுக் குழுவில் உறவினரோ உடன் பணியாற்றியவரோ இருந்தால், அந்தப் பெயர் வரும்போது அவர் வாக்களிக்காமல் வெளியேற வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவையுங்கள்.

இன்னொன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கௌரவிக்கப்படுபவர் பிள்ளைகளோடு பழகியவர். விளையாட்டில் துன்புறுத்தலைத் தடுக்க 2017ல் தொடங்கிய அமெரிக்க சேஃப்ஸ்போர்ட் மையத்தின் பொதுப் பட்டியலில், ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்களின் பெயர்களைத் தேடலாம். அறிவிப்புக்கு முன் அதைப் பார்ப்பதும், அவர் பணியாற்றிய பள்ளிகளிடம் எழுத்தில் கேட்பதும் அவமரியாதை ஆகாது. பட்டியலில் பெயர் இல்லை என்பதையே முழுச் சான்றாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இதைச் செய்யாமல் பட்டயம் கொடுத்துவிட்டுப் பின்னால் பறித்தால், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு இரண்டாம் முறையும் காயம்.

விழாவை வசந்தகாலச் சனிக்கிழமையில் வைக்காதீர்கள். அன்றைக்கு நடுவர்கள் எல்லாரும் மைதானத்தில் இருப்பார்கள். இலையுதிர் காலமே நல்லது. பட்டயத்தோடு, அவர் பெயரில் ஆண்டுக்கு இரண்டு புதிய நடுவர்களுக்குப் பதிவுக் கட்டணமும் உபகரணமும் தரும் சிறு நிதி ஒன்றையும் வைத்தால் அந்த மரியாதை வேலை செய்யும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கறுப்புக் கால்சட்டை, விசில் இரண்டு, மஞ்சள் கொடி இரண்டு, 20 விநாடி எண்ணும் கருவி, அளவு நாடா, தவறுகளைக் குறிக்கும் அட்டை: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். பெண்கள் ஆட்டமென்றால் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளும் வேண்டும்.

பள்ளிப் பருவம் ஜூனுக்குள் முடிந்துவிடும். கோடையில் விளையாட்டு அறையைச் சுத்தம் செய்யும்போது பழைய ஸ்கோர் புத்தகங்கள் குப்பைக்குப் போகும். நடுவர்களின் பெயர் எழுத இடம் உள்ள தாள்கள் அவைதான். உங்கள் வாசகர்கள் மே மாதமே பள்ளியின் விளையாட்டு இயக்குநருக்கு எழுதி, பக்கங்களைக் கைபேசியில் படமெடுக்க அனுமதி கேட்கட்டும். முதல் படம் ஆண்டும் அணியும் தெரிகிற அட்டையாக இருக்கட்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது எந்தப் பருவம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
லாக்ரோஸ் நடுவர் ஒருவர்,
மேரிலாந்து