முதலில் குழாயின் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தெக்வினி என்ற நம் டர்பன் நகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீர், மின்சாரம், ரேட்ஸ் என்ற சொத்துவரி எல்லாம் எத்தனை சதவீதம் ஏறும் என்பதையே கட்டுரை முழுக்கப் பேசியிருந்தது. பென்ஷனை நம்பி இருப்பவர்களுக்கு அது பெரிய கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய பணம் எங்கே போகிறது, பணம் போதாதபோது எந்தச் சேவையில் கை வைப்பார்கள் என்ற இரண்டு கேள்விகளும் கட்டுரையில் இல்லை. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இந்த நகரத்தின் பெரிய நஷ்டம் மண்ணுக்கு அடியில் நடக்கிறது. எத்தெக்வினி நகராட்சி வழங்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் வருமானமாகத் திரும்பி வருவதில்லை. கசிவு, உடைந்த குழாய், திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர், மீட்டரே இல்லாத இணைப்பு என்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது. தென்னாப்பிரிக்காவின் தேசியக் கருவூலம் 2014-இல் நகராட்சிகளுக்கு அனுப்பிய 71-ஆம் சுற்றறிக்கை, தண்ணீர் இழப்பு 15 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நாம் எங்கே நிற்கிறோம் பாருங்கள்! நகராட்சிகளுக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும் உம்ங்கேனி-உத்துகேலா வாரியத்திடம் வாங்கும் தண்ணீர் முழுவதற்கும் நகராட்சி விலை கொடுத்தாக வேண்டும். வருமானம் தராத பாதிக்கான விலையை யார் தருகிறார்கள்? மாதாமாதம் தவறாமல் பில் கட்டும் வீடுகள்தான்.

இதைச் சொன்னால் நம்மவர்களில் சிலர் உடனே குடிசைப் பகுதிகளைக் கை காட்டுவார்கள். அது நியாயமில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்பது 2001 முதல் நாட்டின் கொள்கை. அதற்கு முன்பே அதைத் தொடங்கி வழிகாட்டியது டர்பன். அதில் எனக்குப் பெருமைதான். ஏழை வீட்டுக் குடத்தில் விழும் தண்ணீர் வீணாகவில்லை. சாலையோரம் நாள்கணக்கில் பீறிட்டு ஓடுகிறதே, அதுதான் வீண்.

'பழைய குழாய்கள், என்ன செய்ய முடியும்' என்று பதில் வரும். செய்ய முடியும் என்று இதே ஊர் காட்டியிருக்கிறது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றினார்கள். 2014-இல் எத்தெக்வினியின் நீர்த்துறைக்கு ஸ்டாக்ஹோமில் விருதே கொடுத்தார்கள். அந்த அறிவும் அனுபவமும் இந்த ஊரிலேயே இருந்தவை. அப்புறம் ஏன் கைவிட்டோம் என்பதற்கு நகர மன்றத்தில் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

பராமரிப்பை ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்று வடக்குப் பக்கத்து மக்களைக் கேட்டால் போதும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் பாழானது. மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றார்கள். வெள்ளம் யார் கையிலும் இல்லை, சரி. ஆனால் வெருலம், பீனிக்ஸ் பக்கம் பிறகும் குழாய் வறண்டதற்கு வெள்ளத்தை மட்டும் சொல்லித் தப்ப முடியாது. வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு ஜோஜோ டாங்க் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்கள்?

அதே சுற்றறிக்கையில் இன்னொரு எண்ணும் உண்டு. நகராட்சியின் கட்டடங்கள், குழாய்கள், கம்பிகள் எல்லாவற்றின் கணக்குப்புத்தக மதிப்பில் 8 சதவீதத்தை ஒவ்வோர் ஆண்டும் பழுதுபார்ப்புக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்கிறார்கள். வரவுசெலவுத் திட்டத்தின் வரைவு ஆவணம் பல நூறு பக்கம் இருக்கும். அதில் இந்த ஓர் எண்ணை முதலில் தேடிப் பாருங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி வெட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடன் வட்டியையும் சம்பளத்தையும் குறைப்பது கடினம். அதனால் எந்த நகராட்சியிலும் முதலில் வெட்டு விழுவது சத்தம் போடாத சேவைகளில்தான்: சாலையோரப் புல் வெட்டுவது, தெருவிளக்கு, நீச்சல் குளம், நூலக நேரம். இவற்றில் நூலகத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. சாட்ஸ்வொர்த்திலும் மெர்பேங்க்கிலும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தனி மேசை கிடையாது, அறை கிடையாது. பள்ளியிறுதி மெட்ரிக் பரீட்சைக்குப் படிக்க, வெளிச்சமும் அமைதியும் இணையமும் காசில்லாமல் கிடைக்கும் இடம் நூலகம் ஒன்றுதான். வயதானவர்களுக்குச் செய்தித்தாளும் பேச்சுத்துணையும் அங்கேதான். அரசியல் சாசனப்படி நூலகம் மாகாணத்தின் பொறுப்பு, நடத்துவது நகராட்சி. செலவு யாருடையது என்று இரண்டும் இழுபறி செய்யலாம். அந்த இழுபறியில் கதவு அரை நாள் மூடிக் கிடந்தால் நஷ்டப்படுவது நம் பிள்ளைகள். தண்ணீரில் தொலையும் பணத்தோடு பார்த்தால் நூலக நேரத்தைக் குறைத்து மிச்சப்படுத்தும் பணம் சொற்பமாகத்தான் இருக்க முடியும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல், அதிலிருந்து குடிக்கிறவனுக்குப் பாதி டம்ளர் போதும் என்று சொல்லலாமா?

2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கட்டிய மோசஸ் மபீடா மைதானமும் இருக்கிறது. பக்கத்திலேயே கிங்ஸ் பார்க் ரக்பி மைதானம் இருக்கும்போது கட்டியது. இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அதன் ஆண்டுச் செலவையும் விழாக்களுக்கும் விருந்துகளுக்கும் தரும் பணத்தையும், சேவைகளைத் தொடுவதற்கு முன்பு ஒவ்வொரு வரியாகப் பார்க்கட்டும்.

பணம் கட்டுவதை நிறுத்துவதுதான் வழி என்பவர்கள் உண்டு. 2023-இல் வெஸ்ட்வில் பக்கம் அப்படி ஒரு போராட்டம் நடந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்குக் கேட்கும் உரிமையைச் சட்டமே நமக்குத் தந்திருக்கிறது. நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, ஜூலை 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்கு 90 நாளுக்கு முன்பே வரைவை மன்றத்தில் வைத்து, உடனே மக்களுக்கு வெளியிட வேண்டும். மக்கள் சொன்னதை மன்றம் பரிசீலித்தாக வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. மே முடிவதற்குள் அனுமதிக்காக மன்றத்தின் முன் வந்துவிடும். ஆகவே நம் கையில் இருப்பது ஏப்ரலும் மே தொடக்கமும்தான். புனித வெள்ளியை ஒட்டி ஐசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் ஆயிரக்கணக்கில் கூடுகிறோம். கோவில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் அங்கேயே ஒரு மேசை போட்டு, கருத்துக் கடிதம் எழுத உதவலாம். ஆடிக் கூழுக்கு அடுப்பு மூட்டும்போது கட்டணம் ஏறிவிட்டதே என்று அலுத்துக்கொள்வதற்குப் பதில், இப்போதே ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம். எந்த மொழி பேசும் அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வறண்ட குழாய் எல்லோர் வீட்டிலும்தான் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுக் கருத்துக் கூட்டங்கள் எந்த வார்டில், எந்த நாளில் என்ற பட்டியலை அடுத்த இதழிலேயே வெளியிடுங்கள். அதோடு வரைவில் உள்ள மூன்று எண்களை, தண்ணீர் இழப்பு, குழாய் மாற்ற ஒதுக்கீடு, நூலக ஒதுக்கீடு ஆகியவற்றை, சென்ற ஆண்டு எண்களோடு பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போக நானும் எங்கள் தெருக்காரர்களும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
மெர்பேங்க், டர்பன்