மாப்பிள்ளைக்கு, டிரெய்லர் மூக்கைப் பற்றி

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியும் அத்தையும் நலம்தானே? அத்தையின் முழங்கால் இப்போது எப்படி? தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நடவு பாதி முடிந்தது. மஞ்சள் விலையைப் பற்றி எழுதினால் இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல்தான், விடு.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, மறு நிமிஷமே பேச்சைக் கொடிவேரி மீனுக்குக் கொண்டுபோய்விடுவாய். இதை நீ உட்கார்ந்து படிக்க வேண்டும். தங்கச்சியும் படிக்க வேண்டும்.

நீ இரண்டு சக்கர டிரெய்லர் வாங்கிய செய்தியை வாத்தியார் சொன்னார். போட்டோவும் காட்டினார். சந்தோஷம். ஆனால் அந்தப் போட்டோவில் நீ டிரெய்லரின் மூக்கை, அதுதான் டிராக்டர் கொக்கியில் மாட்டும் வளையம் இருக்கிற முன் முனையை, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அதைப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

காரணம் தம்பி பீமன். அவனுக்கு முதுகு போய்விட்டது. உனக்கு இன்னும் சொல்லவில்லை. கபடியில் உன்னையும் டிங்குவையும் ஒன்றாகத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தவனுக்கு, போன மாதம் தன் செருப்பைத் தானே மாட்ட முடியவில்லை.

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள் மழை. பாதி லோடு ஏற்றிய டிரெய்லரைக் கழற்றிக் காட்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். மூக்குக்குக் கீழே வைத்த கல் ஈர மண்ணில் புதைந்து, வளையம் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டுவிட்டது. பீமன் ஒரு பக்கம், லோடுமேன் ஒருவர் மறு பக்கம். இரண்டு பேரும் தூக்கி, டிராக்டர் கொக்கிக்கு நேராகக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தப் பார்த்தார்கள். தூக்கியும் விட்டார்கள். நகர்த்தும்போது அவர் கால் சேற்றில் வழுக்கியது. அவர் கைவிட்டார், இவன் விடவில்லை. இரண்டு பேர் பாரமும் ஒரே நொடியில் திரும்பியிருந்த முதுகில் இறங்கியது. இடுப்பிலிருந்து வலது கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருந்தது என்றான். டாக்டர் ஸ்கேன் பார்த்து, கீழ் முதுகில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

இதுவரை உன்னிடம் இருந்தது நாலு சக்கர டிரெய்லர். அதில் பாரம் முழுவதையும் நாலு சக்கரமும் வாங்கிக்கொள்ளும். முன்னால் நீட்டியிருக்கும் கம்பி கீல் போட்டது, ஒரு கையால் தூக்கி மாட்டலாம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் தூக்குகிறாய். இரண்டு சக்கரம் வேறு ஜாதி. பாரத்தில் ஒரு பங்கு மூக்கு வழியாக டிராக்டர் மேல் இறங்குவதுபோலவே அதைச் செய்திருக்கிறார்கள், பின் டயர் மண்ணைக் கவ்விப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. கணக்குப் பார். அச்சிலிருந்து வளையம் 10 அடி. 4 டன் லோடின் நடு, அச்சுக்கு ஓர் அடி முன்னால் இருக்கிறது. அப்படியானால் மூக்கில் மட்டும் 400 கிலோ. காலியாக இருக்கும்போது லேசு என்று நினைக்காதே. எங்கள் டிரெய்லர் மூக்கை மஞ்சள் மண்டித் தராசில் வைத்துப் பார்த்தேன், காலியிலேயே 80 கிலோவைத் தாண்டியது.

குட்டி கோவையில் பிசியோதெரபி படிக்கிறாள், தெரியுமல்லவா. சித்தப்பாவைப் பார்க்க ஓடி வந்தவள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடமே நடத்தினாள். அமெரிக்காவில் வேலை இடத்துப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் என்ற அரசு நிறுவனம் 1991-இல் பாரம் தூக்குவதற்கு ஒரு கணக்கு போட்டிருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பாரம் உடம்பை ஒட்டி, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, நேர் எதிரே, நல்ல கைப்பிடியோடு இருந்தால், 23 கிலோ வரை தூக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதகத்துக்கும் கழித்துக்கொண்டே வர வேண்டும். கணுக்காலுக்கு நடுவிலிருந்து பாரம் 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 50 ஆனால் அளவு நேர் பாதியாகிவிடும். டிரெய்லர் மூக்கில் முக்கோணமாக இரும்பு நிற்கிறதே, அதைத் தாண்டிக் கால் வைக்க முடியாததால் எப்படியும் 50 வந்துவிடும். வளையம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கிடந்தால் அதற்கும் கழிவு. இப்படிக் கழித்துக் கழித்து 9 கிலோ சொச்சத்தில் வந்து நின்றாள். இடுப்பைப் பாதி திருப்பினால் 8 கிலோ. எட்டு கிலோ மாப்பிள்ளை! நீ சிரித்துக்கொண்டே பிடித்திருப்பது 80 கிலோ.

"முழங்காலை மடக்கித் தூக்கினால் சரியாகிவிடும்" என்று நீ சொல்வாய், நம்ம டிரில் மாஸ்டர் சொன்னது அது. கொஞ்சம்தான் சரி. 1999-இல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் ஒருவரின் முதுகு வட்டுக்குள்ளேயே அழுத்தம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆளிடம் அளந்ததுதான், இருந்தாலும் கேட்டுக்கொள். சும்மா நின்றால் 0.5. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கினால் 2.3. அதையே முழங்காலை மடக்கித் தூக்கினால் 1.7. எல்லாம் மெகாபாஸ்கல் என்ற அழுத்த அளவில். குறைகிறது, ஆனால் நிற்பதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றால் 1.1, நெஞ்சிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 1.8. எடை அதே எடைதான், தூரம் மட்டும்தான் மாறியது. இந்த ஒரு இடத்தை மட்டும் இரண்டு தடவை படி.

அப்புறம் விடியற்காலை விஷயம். ராத்திரி படுத்திருக்கும்போது வட்டு தண்ணீரை இழுத்துக்கொண்டு ஊதிவிடுமாம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகு விறைப்பாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்து பாரம் தூக்குவதுபோல மோசம் வேறு இல்லை. நம் ஆட்கள் கரும்பு லோடு ஏற்றப் போவதே நாலு மணிக்கு! அதே மாதிரி, ஆலை வாசலில் வரிசையில் மணிக்கணக்காகச் சீட்டில் கூனி உட்கார்ந்துவிட்டு, இறங்கிய உடனே டிரெய்லரைக் கழற்றக் குனிவதும் ஆபத்து. உட்கார்ந்தே இருந்தால் முதுகுத் தசைநார்கள் தளர்ந்துபோகும். இறங்கி நாலைந்து நிமிஷம் நடந்துவிட்டுக் கை வை.

பெல்ட் வாங்கியிருக்கிறாய் என்று வாத்தியார் சொன்னார். அது உனக்கு அழகாகத்தான் இருக்கும், தொப்பை அடங்கி இருக்குமே. ஆனால் நல்ல முதுகுக்காரர் பெல்ட் போட்டால் காயம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அதே நியோஷ் 1994-இலேயே சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு ஸ்குரூ ஜாக்கி வாங்கியிருக்கலாம்.

சரி, என்ன செய்வது? பீமன் படுத்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. பட்டறையிலேயே பழியாகக் கிடக்கிறேன். மூக்கு தரைக்குப் போகவே கூடாது, அவ்வளவுதான். போன பிறகு எப்படித் தூக்குவது என்று கேட்பதே தப்பான கேள்வி. அப்புச்சியின் மாட்டு வண்டியில்கூட மாட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் ஏர்க்காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள். அந்த வழக்கத்தை டிராக்டர் வந்ததும் மறந்துவிட்டோம்.

நான் செய்தது இது. மூக்கின் அடியில் கைப்பிடி சுற்றி ஏற்றி இறக்கும் ஸ்குரூ ஸ்டாண்டு ஒன்றை வெல்டிங் வைத்து மாட்டினேன். ஓடும்போது மேலே மடங்கிக்கொள்ளும். கீழே அகலமான தகடு, ஈர மண்ணில் அதற்கும் அடியில் ஒரு பலகை. கழற்றும்போது வரிசை மாறவே கூடாது. சமமான இடத்தில் நிறுத்து. டிரெய்லர் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடு. ஸ்டாண்டை இறக்கிப் பாரத்தை அது வாங்கிக்கொண்டது தெரிந்த பிறகுதான் வளையத்தைக் கொக்கியோடு பூட்டும் இரும்புப் பின்னை உருவு. அந்தப் பின் இறுகி இருந்தால் பாரம் இன்னும் கொக்கியில் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் அடிக்காதே, ஸ்டாண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்று.

மாட்டும்போது டிராக்டரைத்தான் நகர்த்த வேண்டும், டிரெய்லரை அல்ல. வளையம் இரண்டு விரல் தள்ளி இருந்தால் தோளால் முட்டி நகர்த்தத் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. அந்தத் திருப்பம்தான் முதுகை முறிப்பது. முன்னால் எடுத்து மறுபடியும் ரிவர்ஸ் வா. நீ ரிவர்ஸ் வரும்போது எவரும் நடுவில் நிற்கவே கூடாது. வழி சொல்பவர் பக்கவாட்டில், உன் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். வண்டி நின்று, நியூட்ரல் ஆகி, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகுதான் பின் போடக் கை உள்ளே போக வேண்டும். முதுகு போனால் பீமன் கதை. நடுவில் சிக்கினால் கதையே இல்லை.

அப்படியும் மூக்கு புதைந்துவிட்டால், டிராக்டரின் பின்னாலேயே பாரம் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கிறதே! அதன் கீழ்க் கை இரண்டுக்கும் நடுவில் குறுக்குச் சட்டத்தைப் போடு, சங்கிலியை மூக்கில் சுற்றி அதில் மாட்டு, லீவரை மெதுவாக இழு. 80 கிலோ அதற்குத் தூசு. மேலே வந்ததும் ஸ்டாண்டை இறக்கிப் பாரத்தை மாற்றிவிட்டு, சங்கிலியைக் கழற்று. லிஃப்டில் தொங்கும் பாரத்துக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது, எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, தூக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடாதே. டாப் லிங்க், அதாவது அந்தக் கைகளுக்கு மேலே இருக்கும் மூன்றாவது கம்பி, அதன் உயரத்தில் கட்டி இழுத்தால் முன் சக்கரம் மேலெழும்பி வண்டி பின்னால் கவிழ்ந்துவிடும். இழுப்பு எப்போதும் கீழ்க் கொக்கியில்தான்.

லோடை இறக்கும்போது முன் பக்கத்தை முதலில் காலி செய்யவிடாதே. கழற்றிய டிரெய்லரில் பாரம் பின்னால் மட்டும் மிஞ்சினால் மூக்கு சட்டென்று வானத்துக்குப் போகும். குனிந்து நிற்பவரின் தாடை போய்விடும்.

குறுக்குச் சட்டம், கழற்றிய கொக்கி, ஜாக்கி எல்லாவற்றையும் ஷெட்டில் தரையில் போடுகிறாய், நான் பார்த்திருக்கிறேன். இடுப்பு உயரத்தில் ஒரு பெஞ்சு போட்டு அதில் வை. எடுத்தால் வயிற்றோடு அணைத்து எடு. திரும்ப வேண்டுமானால் காலை எடுத்து வைத்துத் திரும்பு, இடுப்பைத் திருகாதே.

பீமன் இப்போது பரவாயில்லை. மரத்துப் போயிருந்த விரலில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. படுத்தே கிடக்கக் கூடாது என்று டாக்டர் விரட்டுகிறார், வீட்டைச் சுற்றி நடக்கிறான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்குமாம். சுளுக்கு எடுப்பவரிடம் போகலாம் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார், நான் விடவில்லை. நரம்பு அழுந்தியிருக்கும் இடத்தை எவர் கையிலும் கொடுக்க முடியாது. இதையும் தெரிந்து வைத்துக்கொள்: முதுகுவலியோடு சிறுநீர் வருவது தெரியாமல் போனாலோ, அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, விடியட்டும் என்று பார்க்கக் கூடாது. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

உன் பங்குக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். டிராக்டரை சிமெண்டுத் தரையில் நிறுத்தி, டயரில் சரியாகக் காற்று இருக்கும்போது, தரையிலிருந்து கொக்கிக்கு எவ்வளவு உயரம் என்று அளந்து எழுது. டிரெய்லர் மூக்குச் சட்டத்தின் அகலமும், அடியில் வெல்டிங் வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் வேண்டும். எங்கள் பட்டறைக்காரர் உனக்கும் ஒரு ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்கிறார். வாத்தியார் அடுத்த வாரம் உடுமலை வருகிறார், காரில் போட்டு அனுப்பிவிடுகிறேன். காசைப் பற்றிப் பேசினாயானால் டிங்குவிடம் அந்தக் கோயில் உண்டியல் விஷயத்தைச் சொல்லிவிடுவேன்.

அது வந்து சேரும் வரை டிரெய்லரைக் கழற்றவே வேண்டாம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் லிஃப்டைப் பயன்படுத்து. தங்கச்சி, இவன் கையால் தூக்குவதைப் பார்த்தால் உடனே எனக்கு ஒரு போன் போடம்மா.

அன்புடன்,
ராசு