சேவகர்களுக்குச் சட்டை பின்னியவர்களுக்கு நன்றி

பங்கு மக்களுக்கும், இயேசுவின் பாடுகளைக் காட்டும் எங்கள் பாஸ்கா நாடகத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும், மேடையில் முகம் காட்டாமலே வேலை பார்த்தவர்களுக்கும் நாடகக் குழுவின் சார்பில் வணக்கம்.

இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ரோம ஆளுநர் பிலாத்து, அவருடைய ரோமச் சேவகர்கள் ஆகியோரின் உடையைப் பார்த்து, "பிலாத்து தலையில் கிரீடத்தைக் காணோம், சேவகர்களுக்குத் தங்கக் கவசத்தைக் காணோம், வாடகை உடைக்குக்கூடக் காசு இல்லையா?" என்று சிலர் கேட்டார்கள். காசு இருந்தது. வேண்டுமென்றேதான் விட்டோம். அதற்காக உழைத்தவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற எங்கள் வரலாற்று வாத்தியாருக்கு. வசன நோட்டை வாங்கிப் படித்தவர் கேட்ட முதல் கேள்வி, "இவங்க எந்தப் படை?" என்பது. எருசலேம் இருக்கும் யூதேயா மாகாணத்தைப் பிலாத்து ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. அப்போது அங்கே லெஜியன் என்ற ரோமின் முதன்மைப் படைப்பிரிவு எதுவும் நிறுத்தப்படவில்லை. நான்கு லெஜியன்கள் பக்கத்துச் சிரியாவில் இருந்தன. பிலாத்துவின் கையில் இருந்தவை துணைப்படைகள். அதில் பெரும்பாலோர் செசரியா, செபஸ்தே பகுதிகளில் சேர்க்கப்பட்ட உள்ளூர் ஆட்கள். ஆகவே சினிமாவில் வரும் பட்டைப் பட்டையான இரும்புக் கவசமும் வளைந்த செவ்வகக் கேடயமும் இவர்களுக்கு ஒட்டாது. இரும்பு வளையம் கோத்த சட்டையும் தட்டையான நீள்வட்டக் கேடயமும்தான் பொருந்தும். ரோம் நகரத்து டிராஜன் தூண் சற்றுப் பிந்திய காலத்தது என்றாலும், இரண்டு படைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை அதில் தெளிவாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

சரி, வளையச் சட்டைக்கு எங்கே போவது? வாடகைக் கடையில் இருந்ததெல்லாம் தங்க பெயிண்ட் அடித்த ரெக்சின். அன்பியம் என்கிற எங்கள் தெருக் குழுவின் அக்காமார் குரோஷா ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தடித்த சணல் நூலில் சட்டையைப் பின்னி, கறுப்புச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, அப்புறம் அலுமினியம் பெயிண்டை ஸ்பாஞ்சில் தொட்டு மேலாக மட்டும் ஒற்றினார்கள். பெயிண்ட் உள்ளே இறங்கிவிட்டால் வெறும் சாக்கு. பின்னலின் மேட்டில் மட்டும் பட்டால் விளக்கு வெளிச்சத்தில் அசல் இரும்பு. நாடகம் முடிந்ததும் இளவட்டங்கள் வந்து தொட்டுப் பார்த்து, "சணலா!" என்றதுதான் அந்த அக்காமாருக்குக் கிடைத்த பரிசு.

கேடயம் அறுத்துக் கொடுத்த தச்சருக்கும், அதன் நடுக்குமிழுக்குத் தன் வீட்டு எவர்சில்வர் கிண்ணங்களைத் தாரை வார்த்த அவர் மனைவிக்கும் நன்றி. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் அண்ணன், ரோமச் சேவகர்கள் போட்ட செருப்பின் படத்தைப் பார்த்தே வார் அறுத்துத் தைத்துவிட்டார், அடியில் குண்டுத்தலை ஆணிகளோடு. இயேசுவைப் பிடிக்கும் கெத்சமனி தோட்டக் காட்சியில் ஆள் தெரியும் முன்பே பலகையில் கேட்ட அந்தச் சத்தம் அவருடையது. ரோமர் எருசலேமை முற்றுகையிட்டபோது ஜூலியானுஸ் என்ற நூற்றுவர் தலைவன் கோயில் கல்தளத்தில் ஆணிச் செருப்பு வழுக்கி விழுந்து வெட்டுப்பட்டான் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ் எழுதியிருப்பதை வாத்தியார் சொன்னார். அதைக் கேட்டதுமே மேடைப் படியில் சாக்கு விரித்த சவுண்ட் சர்வீஸ் தம்பிக்குத் தனி நன்றி.

சேவகர்களாக நடித்த பையன்கள் பாவம். ரோமச் சேவகர்களைப் போலக் குட்டை வாளை வலது இடுப்பில் கட்டி, வலது கையாலேயே உருவப் பழகினார்கள். கையை நீட்டி அடிக்கும் சல்யூட் வேண்டாம் என்றதும் முகம் தொங்கிவிட்டது. அப்படி ஒரு வணக்கம் ரோமில் இருந்ததற்குச் சான்று இல்லை; டேவிட் என்ற பிரெஞ்சு ஓவியர் 1784இல் தீட்டிய ஓவியத்திலிருந்து பரவியது அது.

கிரீடத்தைக் கழற்றிய பிலாத்து ஐயாவை எப்படிப் பாராட்டுவது? அவர் அப்பா காலத்திலிருந்தே அந்த வேடத்துக்குக் கிரீடம் உண்டு. 1961இல் செசரியாவில் கிடைத்த கல்வெட்டு பிலாத்துவை யூதேயாவின் ஆளுநர் என்றே சொல்கிறது, ராஜா என்று அல்ல. அந்தப் படத்தைக் காட்டியதும் ஐயா ஒரு வார்த்தை பேசாமல் கிரீடத்தை ஏரோது ராஜாவாக நடித்தவரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் ரோமர் உடுத்தும் தோகா என்ற அந்த நீளமான மேலாடையைச் சுற்றிக் கட்ட, எழுபது வயது வேட்டி அனுபவமும் போதவில்லை. தினமும் கட்டிவிட்ட தையல்காரருக்கு நன்றி.

சிலுவை விஷயத்தில் வாத்தியார் தோற்றார். குற்றவாளிகள் பொதுவாகக் குறுக்குச் சட்டத்தை மட்டுமே சுமந்தார்கள் என்று அவர் எவ்வளவோ சொல்லியும், ஊர்ப் பெரியவர்கள் முழுச் சிலுவைதான் என்று நின்றார்கள். மக்கள் முத்தமிட்டு வணங்கும் சிலுவை அது. விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய திருத்தம் யூதர் கூட்டம் வரும் காட்சியில்தான். பழைய நோட்டில் யூதர் அத்தனை பேரும் வில்லன்கள். இயேசுவின் சாவுக்கு யூதர் அனைவரும் பொறுப்பு என்ற அந்தப் பழியைக் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே விலக்கியது. ஜெர்மனியில் 1634 முதல் நடக்கும் ஓபராமர்காவ் ஊர்ப் பாஸ்காவிலும், இரத்தப்பழி எங்கள் பிள்ளைகள் மேல் என்று கூட்டம் கத்தும் வசனத்தை 2000இல் எடுத்துவிட்டார்கள். நாங்களும் எடுத்தோம். அழுத பெண்களும் யூதர்தானே, சீடர்களும் யூதர்தானே? எதிர்ப்பு வந்தபோது எங்களுக்காகப் பேசிய பங்குச் சாமிக்கு நன்றி.

உடைகள் எல்லாம் பங்கு மன்றத்து அலமாரியில் இருக்கின்றன. பக்கத்துப் பங்குகள் கேட்டால் தருவோம், வாடகை வேண்டாம். கிண்ணங்களை மட்டும் எண்ணித் திருப்பிக் கொடுங்கள், தச்சர் வீட்டம்மா கேட்கிறார்.

நாடகக் குழுவுக்காக,
வசனம் எழுதியவன்