புள்ளிக்காகப் பந்தயமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்லைன் பந்தயம் நம் தென்னாப்பிரிக்காவில் பெருகிவருவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். அதில் விடுபட்டது கிரெடிட் கார்டுப் புள்ளிகள், அதாவது கார்டில் செலவு செய்தால் வங்கி தரும் பரிசுப் புள்ளிகள். பந்தயக் கணக்கில் கார்டு மூலம் பணம் போட்டு, உடனே திரும்ப எடுத்துவிட்டால் புள்ளிகள் சும்மா கிடைக்கும் என்று இளைஞர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். இங்கே சாட்ஸ்வர்த்தில் என் தங்கை மகனும் அதை நம்பி 2,000 ராண்ட் போட்டான். மாத முடிவில் வந்த ஸ்டேட்மென்டில் ஒரு புள்ளிகூட இல்லை. ரொக்கம் எடுத்ததாகக் கருதி ஒரு கட்டணம், அப்புறம் முதல் நாளிலிருந்தே வட்டி. பணத்தைத் திரும்ப எடுக்கப் போனால், முதலில் அந்தத் தொகைக்குப் பந்தயம் கட்ட வேண்டும் என்றது தளம். கட்டினான். மிச்சக் கதையை என் தங்கையிடம்தான் கேட்க வேண்டும்.

சூதாட்டக் கட்டணங்களுக்குக் கார்டு நிறுவனங்கள் 7995 என்ற தனிக் குறியீடு வைத்திருக்கின்றன. ஆக, பணம் எங்கே போகிறது என்பது வங்கிக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. வாடிக்கையாளருக்குத்தான் மாதக் கடைசியில் தெரிகிறது. பிரிட்டன் 2020 ஏப்ரலிலேயே சூதாட்டத்துக்குக் கிரெடிட் கார்டைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூனில் ஆன்லைன் பந்தயத்துக்குக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தத் தடை விதித்தது. நாம் அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் சரி, பணம் கைமாறும் முன்பே "இதற்குப் புள்ளி கிடையாது, இன்றிலிருந்தே வட்டி" என்று போன் திரையில் ஒரு வரி காட்டும்படி வங்கிகளுக்கு அரசு உத்தரவிடலாம்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்