எங்கள் எலிக்கூடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

வாசோபிரசின் ஹார்மோன் எலியின் நினைவை எப்படி நீட்டிக்கிறது என்ற ஆய்வில் ஒரு கட்டம் முடிந்திருக்கிறது. ஆய்வுக்கட்டுரையில் பெயர் வராதவர்களுக்கு இந்த மடல்.

முதல் வணக்கம் கூடத்துப் பணியாளர்களுக்கு. வளர்ந்த ஆண் எலியின் கூண்டில் ஒரு குட்டியை 5 நிமிடம் விட்டு, எவ்வளவு நேரம் மோந்து பார்க்கிறது என்று குறிக்கிறோம். அரை மணி கழித்து அதே குட்டியை விட்டால் மோப்பம் குறையும், அடையாளம் தெரிந்துவிட்டது. 2 மணி நேரமானால் பெரும்பாலும் மறந்திருக்கும். வெறும் 9 அமினோ அமிலம் கொண்ட வாசோபிரசின் அந்த மறதியைத் தள்ளிப்போடுகிறது. எல்லாம் மோப்பத்தில் நிற்பதால் வேற்று வாசனை கலந்தால் கணக்கு கெட்டது. அக்காமார் தலையில் இருந்த மல்லிகைச் சரத்தை வாசலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அண்ணன்மார் 7 நாள், தினமும் ஒவ்வொரு எலியையும் உள்ளங்கையில் ஏந்திப் பழக்கினார்கள். பழகாத எலி மிரளும். மிரட்சியே மூளையில் வாசோபிரசினைச் சுரக்கவைக்கும். அப்புறம் நாம் செலுத்தியது எது, தானாகச் சுரந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

ரத்தத்தில் ஏற்றினால் இந்த ஹார்மோன் மூளைக்குள் மிகக் கொஞ்சமே போகும். அதனால் மண்டையோட்டில் நுண்குழாய் பொருத்தி, 5 மைக்ரோலிட்டரை 1 நிமிடத்தில் மெல்லச் செலுத்தி, ஊசியை இன்னொரு நிமிடம் அப்படியே வைத்திருக்கிறோம். உடனே உருவினால் மருந்து மேலேறி வந்துவிடும். குழாயைப் பிடித்து நிறுத்துவது 3 சின்னத் திருகாணிகளும் பல் சிமென்ட்டும்தான். எலும்பில் துளி ஈரம் இருந்தாலும் சிமென்ட் ஒட்டாது, சில நாளில் மூடியோடு கழன்றுவிடும். கலக்கும் பதத்தைக் கைபிடித்துக் காட்டிய பல் மருத்துவ நண்பர்களுக்கு நன்றி. கடைசியில் சாயம் ஏற்றி மூளையைச் சீவிப் பார்த்து, குழாய் தவறிய எலிகளைத் தயங்காமல் சொன்ன தொழில்நுட்பருக்கும்தான். அந்தக் கணக்குகளை நீக்கிவிட்டோம்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் கேள்விகள் ஆய்வைத் திருத்தின. ஒரே எலிக்கு ஒரு வாரம் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர், மறுவாரம் மருந்து, இரண்டு முறையும் வேறு வேறு குட்டி என்று மாற்றியதில் எலிகளின் எண்ணிக்கை குறைந்தது. அறுவைக்குப் பின் வலிநிவாரணியைக் கட்டாயமாக்கியதும் அவர்களே.

இருட்டில் படமெடுக்க அகச்சிவப்புக் கேமராவைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்து தந்த ரிச்சி தெருக் கடைக்காரர், மே மாத வெயிலிலும் அறையை 22 டிகிரியில் காத்த மின்பணியாளர், எல்லோருக்கும் எங்கள் நன்றி. தீபாவளி வெடிச்சத்த வாரத்தில் சோதனையே வேண்டாம் என்று முன்கூட்டியே எச்சரித்தவரும் அந்த மின்பணியாளர்தான். அவர் எழுதிவைத்த வெப்பப் பதிவேடு கூடத்தில் இருக்கிறது. வேண்டுகிற குழுவினர் வந்து நகலெடுத்துக்கொள்ளலாம்.