கோயில் வாசல் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள்

யாங்கூன் தமிழ்க் கோயில்களின் அறங்காவலர்களுக்கு வணக்கம்.

அன்னதானம் முடிந்து எச்சில் இலை போடும் இடத்தில் காத்து நிற்கும் நாய்களைப் பற்றித்தான் இந்த மடல். அவை யாருடைய நாய்களும் இல்லை. சோறு போடுவது நாம்தான். சோற்றுக்கு அவை சண்டையிடும்போது பாயசக் கிண்ணத்தோடு பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாயால் வருவது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. பெரும்பாலும் கடித்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் காயம் ஆறி, கடி மறந்தே போயிருக்கும்.

நாய்களைக் கொன்றால் தீர்ந்தது என்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. தீராது. சோறு கிடைக்கும் இடத்துக்கு அடுத்த தெரு நாய் வரும், அதுவும் ஊசி போடாததாக. ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தடுப்பூசி போட்டு, அந்த அளவைக் குறையவிடாமல் பார்த்துக்கொண்டால் நோய் பரவுவது நின்றுவிடும். ஊசி போட்ட நாய் வாசலில் கிடப்பது நமக்குத்தான் காவல்.

சரி, தெருநாயை யார் பிடிப்பது? மருத்துவரைக் கண்டதும் ஓடுகிற நாய், மடைப்பள்ளியில் பாத்திரம் கழுவும் அக்கா கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. அவர் சோற்றை வைத்துப் பிடித்துக்கொண்டால் ஊசி போட ஒரு நிமிடம் போதும். இது நம் கோயில்களால் முடிகிற காரியம். நாயைப் பிடிப்பவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். ஆண்டுதோறும் அன்று கால்நடை மருத்துவரை வரவழையுங்கள். பக்கத்துப் பௌத்த மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நாய்களுக்குச் சோறு போடுகிறார்கள். சின்னது என்று குட்டிகளை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவது அவற்றைத்தான்.

அப்புறம், கால் கழுவும் குழாயருகே தமிழிலும் பர்மியத்திலும் ஒரு பலகை வேண்டும்: நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், மிளகாய்ப்பொடி வைக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செலவுக்கு அன்னதானம்போலவே உபயம் வாங்கலாம். முதல் உபயம் எங்கள் வீட்டுடையது.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு கோயிலுக்கு வரும் ஒரு தாய்